இந்தக் காசு எதுவரைக்கும் செல்லும்?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவி அக்கா கேட்டபோது, "கணக்கு எழுதுறவளுக்குக் கட்டுரை எங்கக்கா வரும்?" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "அந்தச் செம்புக் காசு கதையை எழுது. அதோட நம்ம கூப்பன் கதையையும் எழுது. மறைக்காம எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். இதில் வரலாறும் இருக்கிறது, என்னுடைய தவறும் இருக்கிறது.

பத்து ரூபாய்க் காசு வந்த வழி

2018-ஆம் வருஷத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது. பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், டீக்கடையில் வாங்க மாட்டார்கள். எங்கும் செல்லாத காசெல்லாம் கடைசியில் நம்ம குழுக் கூட்டத்துக்குத்தான் சேமிப்புப் பணமாக வந்து சேர்ந்தது. கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பை நிறைய அந்தக் காசுதான் கிடந்தது.

அந்த வருஷம் ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்துவிட்டது. 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று. அந்த அறிவிப்பு வந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் சொன்னார்: "செல்லும்னு எனக்கும் தெரியும்மா. ஆனா எங்கிட்ட இருந்து இதை யார் வாங்குவா?"

அந்த ஒரு கேள்வியில்தான் காசின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

சார் கொண்டுவந்த வில்லை

நம்மிடம் ஒரு பை காசு இருக்கிற சேதி கேள்விப்பட்டு ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பழைய காசு சேர்ப்பது அவருக்குப் பழக்கம். 14 வடிவத்தில் அவரிடம் 11 இருந்தது, மீதியை நம்ம பையில் தேட வந்திருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து தேடி இரண்டை எடுத்துவிட்டார். அதற்கு நன்றியாக, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு செம்பு வில்லையைக் காட்டினார்.

நம்ம பத்து ரூபாய்க் காசைவிட அகலமாக, கனமாக இருந்தது. ஒரு பக்கம் கையில் தராசு பிடித்த ஒரு பெண் உருவம். மறுபக்கம் எழுத்து. சார் படித்துக் காட்டினார்: ஹைட் அண்ட் டி கார்ல், மளிகை மற்றும் ஒயின் வியாபாரிகள், எலிசபெத் தெரு, மெல்போர்ன்.

"இது ஆஸ்திரேலியாக் காசா சார்?"

"காசு மாதிரி இருக்குல்ல? இது காசு இல்லம்மா. ஒரு மளிகைக் கடைக்காரர் தானே அடிச்சு விட்ட வில்லை. நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஊரே இதை ஒரு பென்னின்னு வாங்கிச்சு."

எனக்கு நம்ப முடியவில்லை. கடைக்காரர் தானாகக் காசு அடித்தால் அது கள்ளக் காசு அல்லவா? அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சில்லறை இல்லாத தேசம்

ஆங்கிலேயர்கள் 1788-இல் ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். குற்றவாளிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய இடம் அது. ஆட்களைக் கொண்டுபோனார்கள், காவலுக்குப் படையையும் கொண்டுபோனார்கள். போதுமான காசைக் கொண்டுபோகவில்லை. அதனால் எந்த நாட்டுக் காசு கைக்கு வந்தாலும் அதை வைத்துப் புழங்கினார்கள். சாராயமே காசு மாதிரி கைமாறியது. கூலிக்கும் ரம், கொடுக்கல் வாங்கலுக்கும் ரம்.

1800-இல் கிங் என்ற ஆளுநர், எந்தக் காசுக்கு என்ன மதிப்பு என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் நம்ம ரூபாயும் இருந்தது: 2 ஷில்லிங் 6 பென்ஸ். நம்ம வராகனும் இருந்தது: 8 ஷில்லிங். 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு, இது அவர்கள் கணக்கு. இங்கிலாந்தில் ஒரு பென்னியாக இருந்த பெரிய செம்புக் காசுக்கு அந்தப் பட்டியலில் இரண்டு பென்ஸ் என்று விலை வைத்தார். இங்கே மதிப்பு கூட இருந்தால் காசு ஊரை விட்டுப் போகாது என்பது யோசனை. ஆனாலும் சரக்குக் கப்பல் வந்தபோதெல்லாம் வியாபாரிகள் நல்ல காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

1812-இல் சமராங் என்ற கப்பல் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்களை ஏற்றிக்கொண்டு சிட்னி போய்ச் சேர்ந்தது. அது புறப்பட்ட இடம் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்! அப்போது ஆளுநராக இருந்தவர் மக்வாரி. இந்தக் காசும் ஓடிவிடுமே என்று அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு டாலருக்கும் நடுவில் ஓட்டை போட்டு இரண்டாக்கினார். வெளி வளையத்துக்கு 5 ஷில்லிங், நடுத் துண்டுக்கு 15 பென்ஸ். ஓட்டை போட்ட காசை வெளியூரில் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் அது உள்ளூரிலேயே சுற்றும். இந்த வேலையைச் செய்து கொடுத்தவர் ஹென்ஷால். கள்ளக் காசு அடித்ததற்காகத் தண்டனை பெற்று அங்கே அனுப்பப்பட்டவர்!

இதெல்லாம் வெள்ளிக் காசு. ஒரு ரொட்டி வாங்க, ஒரு ஊசி நூல் வாங்கச் செம்புச் சில்லறை வேண்டுமே? அதை இங்கிலாந்திலிருந்துதான் அனுப்ப வேண்டும். செம்பு கனமான சரக்கு, மதிப்போ குறைவு, கப்பல் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். சில்லறைத் தட்டுப்பாடு தீரவே இல்லை.

கடைக்காரர் கண்டுபிடித்த வழி

1849-இல் மெல்போர்னில் அனாண்ட் ஸ்மித் என்ற மளிகைக் கடை தன் பெயரைப் போட்டுப் பென்னி அளவில் செம்பு வில்லை அடித்து விட்டது. ஆஸ்திரேலியாவில் இந்த வகையில் முதல் வில்லை அதுதான். பாக்கிச் சில்லறைக்குப் பதில் அதைக் கொடுத்தார்கள். திரும்பக் கொண்டுவந்தால் சரக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நம்ம கடைக்காரர் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாயை நீட்டுகிறாரே, அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், மிட்டாயைத் திரும்பக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார்.

1851-இல் விக்டோரியாப் பகுதியில் தங்கம் கிடைத்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஜனம் வந்து குவிந்தது. 77,000 பேர் அளவில் இருந்த விக்டோரியா, பத்தே வருஷத்தில் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தங்கம் இருந்தது, தக்காளி வாங்கச் சில்லறை இல்லை. 1855-இல் சிட்னியில் அரசு நாணயசாலை திறந்தார்கள், அங்கேயும் தங்கக் காசுதான் அடித்தார்கள். பெரிய பணத்துக்கு வழி செய்தார்கள், சின்னப் பணத்தை மறந்தார்கள். இது எங்கேயும் நடப்பதுதான்.

அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் கடைக்காரர்கள். மளிகை, ஜவுளி, இரும்புச் சாமான், டீத்தூள், மருந்து என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட வியாபாரிகள் வில்லை விட்டார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் பட்டறைகளில் அடித்துக் கப்பலில் வரவழைத்தார்கள். மெல்போர்னிலேயே தாமஸ் ஸ்டோக்ஸ் என்பவரும் அடித்துக் கொடுத்தார். சிலர் கங்காரு, ஈமு படம் போட்டார்கள். லண்டன் மருந்து வியாபாரி ஹாலோவே தன் முகத்தையே போட்டு, மறுபக்கம் மாத்திரை, களிம்பு விளம்பரத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். சுவரொட்டி கிழிந்து போகும், இந்த விளம்பரம் மடியில் முடிந்து வீட்டுக்குப் போகும்!

சில்லறைத் தட்டுப்பாடும் தீர்ந்தது, கடைக்கும் பெயர் கிடைத்தது. இதைக் கேட்டபோது எனக்கு, ஆஹா, என்ன மூளை என்றுதான் தோன்றியது. சார் முழுக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பாதிக் கதை தெரிந்தவளாக நான் நின்றுவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் செய்த கூப்பன்

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் நம்ம கடலை மிட்டாய் யூனிட்டுக்குப் பணமுடை. சரக்கு எடுத்த வெளியூர் மொத்த வியாபாரி பணம் தரவில்லை. 18 பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கையிருப்பு பாதிக்கூட வரவில்லை. எல்லாரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன்: "பாதிக் கூலி ரொக்கமா கொடுப்போம். பாதிக்குக் கூப்பன் கொடுப்போம். நம்ம ஸ்டோர்ல அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கு. கூப்பனைக் கொடுத்து வாங்கிக்கட்டும்."

எல்லாருக்கும் பிடித்துப்போனது. ரோஸ் கலர் அட்டையில் நானே வெட்டினேன். 100 ரூபாய் கூப்பன் 120, 50 ரூபாய் கூப்பன் 60. மொத்தம் 15,000 ரூபாய். கூட்டமைப்பு சீலும் என் கையெழுத்தும் போட்டோம். ரொக்கப் புத்தகத்தில் "கூலி வழங்கப்பட்டது" என்று செலவில் எழுதி வரவு செலவைச் சரிக்கட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரம். பாகு கிண்டும் அக்கா ஒருவர் ஸ்டோர் பக்கமே வரவில்லை. அவருடைய கூப்பனைக் கொண்டுவந்து வேறொரு சகோதரி சாமான் வாங்கினார். விசாரித்தேன். அக்காவின் பேரனுக்குக் காய்ச்சல். மருந்துக் கடையில் கூப்பனை வாங்குவார்களா? 100 ரூபாய் கூப்பனை 80 ரூபாய்க்கு விற்றுவிட்டு மாத்திரை வாங்கியிருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ கொடுத்தது நல்ல அட்டைதான் தாயி. ஆனா அது நம்ம ஸ்டோர் வாசப்படிய தாண்டாதே, என்ன செய்ய?" என்றார்.

கேட்கக் கேட்க இன்னும் வெளியே வந்தது. அவர் மட்டும் இல்லை, மொத்தம் 5 பேர் அப்படி விற்றிருந்தார்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெயை நம்ம ஸ்டோரில் 4 ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். கூப்பன் கையில் இருக்கும்போது சந்தைக்கு எப்படிப் போவார்கள்? கந்து வட்டிக்காரரிடமிருந்து விடுபடத்தானே குழு தொடங்கினோம். 100-க்கு 80 என்று நம்ம கூலியே நம்ம கையாலேயே குறைந்துபோயிருந்தது.

கதையின் மறுபாதி

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் சாரைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "ஏம்மா, அந்த 15,000-த்தைக் கணக்குல எங்க எழுதின?"

"செலவுல சார். கூலின்னு."

"பணம் வெளிய போகவே இல்லையே, எப்படிச் செலவாகும்? அந்தப் பொம்பளைங்க உழைச்சிட்டாங்க. நீ இன்னும் கொடுக்கல. கூப்பன்னா என்ன? அவங்க உங்களுக்குக் கொடுத்த கடன், வட்டி இல்லாம."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கணக்கு எழுதியவள், கடனில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதியிருக்கிறேன்.

மெல்போர்ன் வில்லையும் அதேதான் என்றார் சார். வில்லை திரும்பி வரும்வரை பணம் கடைக்காரர் கையில். வராமலே போனால் அவருக்கே லாபம். பல வில்லைகள் அரசுக் காசைவிட எடை குறைவாக இருந்தன, அதிலும் லாபம். கடை நன்றாக நடக்கும்வரை பிரச்சினை இல்லை. கடை மூடினால், கையில் வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது செம்பு விலைதான். 1860-லிருந்து இங்கிலாந்து புது வெண்கலக் காசு அடித்தது. அந்தக் காசு வந்து புழங்கப் புழங்க வில்லைக்குத் தேவை குறைந்தது. விக்டோரியா 1863-இலும், நியூ சவுத் வேல்ஸ் 1868-இலும் வில்லைகளைத் தடை செய்தன. வசதிக்காரர் பெட்டியில் இருந்தது தங்கக் காசு, அவருக்குக் கவலை இல்லை. அன்றாடச் செலவுக்கு நாலு வில்லையை முடிந்து வைத்திருந்தவர்தான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். நம்ம ஊரில் பத்து ரூபாய்க் காசு வந்து சேர்ந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

"கடையில பாக்கிச் சில்லறைக்கு வாங்குறது ஒரு விதம்மா. கூலியாவே வாங்குறது இன்னொரு விதம்" என்று சார் இலங்கைக்கு வந்தார். தேயிலைக்கு முன்னால் இலங்கை மலையில் காப்பிதான் விளைந்தது. நம்ம மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனங்கள்தான் நடந்தும் கடல் தாண்டியும் போய் அந்தத் தோட்டங்களில் உழைத்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காப்பிக் கொட்டையைக் கொழும்பில் கிடங்குகளில் காயவைத்து, பொறுக்கி, தரம் பிரித்துக் கப்பல் ஏற்றுவார்கள். பொறுக்குகிற வேலை பெண்களுடையது. அந்தக் கொழும்புக் காப்பி ஆலைகளில் சில, வெகந்த மில், ஹல்ஸ்டோர்ப் மில் என்று ஆலைப் பெயரைப் போட்டே செம்பு வில்லைகள் அடித்தன.

அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வழக்கம் இருந்தது. தோட்டத்தின் பெயரோ முதல் எழுத்தோ போட்ட வில்லைகள். பலவற்றைக் கல்கத்தா அரசு நாணயசாலையிலேயே அடித்துக் கொடுத்தார்கள். சில்லறை இல்லை என்பது காரணம், உண்மையான காரணம்தான். ஆனால் அந்த வில்லை தோட்டத்துக்கு உள்ளேதான் செல்லும். வெளியே போக நினைக்கிறவளுக்கு, பஸ் கட்டணமோ ரயில் கட்டணமோ அதில் கொடுக்க முடியாது. காசு எல்லை தாண்டாதென்றால் ஆளும் எல்லை தாண்ட முடியாது.

இங்கிலாந்தில் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடியதால், 1831-இல் பல தொழில்களில் கூலியை நடப்புக் காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம்ம நாட்டிலும் 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளத்தை நடப்பு நாணயத்திலோ நோட்டிலோ கொடுக்க வேண்டும் என்று சொன்னது. பிறகு காசோலையும் வங்கிக் கணக்கும் சேர்ந்தன. எதிலேயும் கூப்பன் கிடையாது. அதைத் தெரியாமல்தான் ரோஸ் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுங்கியது. செலவில் எழுதியதை அடித்து, "உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி" என்று கடனில் எழுதிக் காட்டினேன். சிலருக்குக் கோபம். "நல்லதுக்குத்தானே செஞ்ச" என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். பாகு கிண்டும் அக்கா மட்டும், "எங்ககிட்டக் கடன் வேணும்னா கடன்னு சொல்லிக் கேட்டிருக்கலாம்ல? முடிஞ்சவ கொடுத்திருப்பா" என்றார். அதற்குப் பதில் எங்களில் யாரிடமும் இல்லை.

அன்றைக்கு மூன்று தீர்மானம் போட்டோம். ஒன்று, கூலி எப்போதும் ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோதான். இரண்டு, பணமுடை வந்தால் உறுப்பினர்களிடம் வெளிப்படையாகக் கடன் கேட்பது, வட்டியோடு, விரும்பியவர் மட்டும். மூன்று, வெளியே இருக்கும் ஒவ்வொரு கூப்பனுக்கும் முழு மதிப்பில் ரொக்கம். 80 ரூபாய்க்கு விற்ற ஐந்து பேருக்கும் விட்டுப்போன பணத்தைக் கூட்டமைப்பின் பொதுநிதியிலிருந்து கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வியாபாரியிடமிருந்து பணம் வர இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை உறுப்பினர்கள் கொடுத்த கடன்தான் யூனிட்டைக் காப்பாற்றியது.

சகோதரிகளே, இன்றைக்குக் காசு வேறு வேறு உருவத்தில் வருகிறது. கடைக்காரரின் பாயிண்ட் அட்டை, பரிசுக் கூப்பன், போனில் சேரும் கேஷ்பேக், நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு. எது வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எதுவரைக்கும் செல்லும்? செல்லாமல் போனால் யார் தருவார்? பாகு கிண்டும் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. கணக்குப்படி 180 கூப்பனில் 177 திரும்பி வந்துவிட்டது. 100 ரூபாய் கூப்பன் இரண்டும் 50 ரூபாய் கூப்பன் ஒன்றும் இன்னும் வரவில்லை. 250 ரூபாயைப் பேரேட்டில் நம்ம கடனாக ஒவ்வொரு வருஷமும் முன்னெடுத்து எழுதி வருகிறேன். அரிசிப் பானையிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ யார் வீட்டில் அந்த ரோஸ் அட்டை இருந்தாலும் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் இருப்பது என் கையெழுத்து. பணம் தயாராக இருக்கிறது.